ஃப்ரெனெல் லென்ஸ் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை



பள்ளிகளில் அறிவியல் கண்காட்சிக் காலம் வந்துவிட்டது என்பதை நான் நாள்காட்டி பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. "டீச்சர், பையனுக்கு ஒரு ஃப்ரெனெல் லென்ஸ் வாங்கணும், எது வாங்கலாம்?" என்று உங்களிடமிருந்து செய்தி வர ஆரம்பித்தால் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த முறை மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஒருவர் ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவர், இப்போது அவர் மகள் ஏழாம் வகுப்பு. இன்னொருவர் எங்கள் சித்தி மகன். ஆளுக்கு ஒரு பதில் தட்டச்சு செய்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த லென்ஸை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அளவைப் பார்த்து வாங்குகிறார்கள். கையில் இருக்கிற பணத்துக்கு எவ்வளவு பெரியது கிடைக்கும் என்று தேடுகிறார்கள். அது தலைகீழான வழி. எதற்கு வாங்குகிறோம், குவியத் தொலைவு எவ்வளவு, எந்தப் பிளாஸ்டிக், வரிகள் எப்படி, இந்த நான்கையும் கேட்டு முடித்த பிறகுதான் அளவைக் கேட்க வேண்டும். குழந்தை கையில் கொடுப்பதாக இருந்தால் அளவு சின்னதாகத்தான் இருக்க வேண்டும்.

அது என்ன லென்ஸ்?

நம் வகுப்பில் பார்த்த குவிலென்ஸ் நினைவிருக்கும். நடுவில் தடிமன், ஓரத்தில் மெல்லிசு. ஒளியை வளைப்பது கண்ணாடியின் தடிமன் அல்ல, அதன் மேற்பரப்பின் சாய்வு. ஆகவே நடுவில் இருக்கிற தேவையில்லாத சதையை எடுத்துவிட்டு, சாய்வை மட்டும் வளையம் வளையமாக வெட்டித் தட்டையாக அடுக்கினால் என்ன? அதுதான் ஃப்ரெனெல் லென்ஸ். விரலால் தடவினால் பழைய இசைத்தட்டு மாதிரி வரிவரியாக இருக்கும்.

பெயருக்கு உரியவர் அகஸ்டின் ஃப்ரெனெல், பிரான்ஸ் நாட்டுக்காரர், 1788-இல் பிறந்தவர். சாலை போடும் பொறியாளர் வேலை. பிரெஞ்சு எழுத்தில் நடுவே ஒரு 'எஸ்' உண்டு, உச்சரிப்பில் இல்லை. ஆனால் கடையில் 'ஃப்ரெஸ்னல்' என்று கேட்டால்தான் புரிகிறது, கேட்டுக்கொள்ளுங்கள், பரவாயில்லை. லென்ஸைப் படிகளாக வெட்டலாம் என்ற யோசனை அவருக்கு முன்பே 18-ஆம் நூற்றாண்டில் பூஃபோன் என்ற அறிஞருக்கு வந்திருந்தது. அதைக் கலங்கரை விளக்கத்துக்குப் பயன்படும்படி செய்து காட்டியவர் ஃப்ரெனெல். 1823-இல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அவருடைய லென்ஸ் ஏறியது. எண்ணெய் விளக்கின் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறி வீணாகாமல் கடலை நோக்கி ஒரே கற்றையாகப் போனது. அவர் 1827-இல், 39 வயதில், காசநோயால் இறந்துபோனார். நான்கே ஆண்டுகள்தான் தன் விளக்கு எரிவதைப் பார்த்தார். அதன்பின் எத்தனை கப்பல் கரை சேர்ந்தது என்பதற்குக் கணக்கே இல்லை.

அவர் கண்ணாடியில் செய்ததை இன்று பிளாஸ்டிக் தகட்டில் அச்சு வார்த்து எடுக்கிறார்கள். எடை இல்லை, விலை குறைவு, உடைந்தால் கையைக் கிழிக்காது. ஆசிரியப் பயிற்சி எடுத்தவர்களுக்கு ஓ.எச்.பி. நினைவிருக்கும். ஒளிபுகும் தாளை வைக்கிற அந்தக் கண்ணாடி மேடைக்கு அடியில் இருந்தது இதே ஃப்ரெனெல் தகடுதான்.

முதல் கேள்வி: எதற்கு?

'ஃப்ரெனெல் லென்ஸ்' என்ற ஒரே பெயரில் நான்கு வேறு வேறு பொருள்கள் விற்கின்றன. இங்கேதான் பாதிப் பேர் பணத்தை விடுகிறார்கள்.

ஒன்று, புத்தகம் படிக்க உதவும் உருப்பெருக்கித் தகடு. புத்தகத்தின் பக்க அளவில், வளைத்தால் வளைகிற மெல்லிய தகடு. எழுத்தைப் பெரிதாகக் காட்டுவதற்காகச் செய்தது. வரிகள் மிக நெருக்கமாக இருக்கும். வெயிலில் பிடித்தால் ஒளியைக் குவிக்கும், ஆனால் தகடு சற்று வளைந்தாலும் புள்ளி கலைந்து தேங்காய்ப்பூ மாதிரி ஆகிவிடும்.

இரண்டு, வேனின் பின்கண்ணாடியில் ஒட்டும் தகடு. பின்னால் நிற்கிற குழந்தை, தூண் எல்லாம் சின்னதாக, அகலமாகத் தெரியும். இது ஒளியை விரிக்கிற குழிலென்ஸ் வகை. இதை வாங்கி வெயிலில் ஒரு நாள் முழுக்கப் பிடித்தாலும் ஒரு தாள் கருகாது. எங்கள் உறவிலேயே ஒரு பையன் ஆன்லைனில் இதைத்தான் வாங்கினான். விற்றவர் போட்ட தலைப்பில் 'சூரிய லென்ஸ்' என்றும் இருந்தது, 'பார்க்கிங் லென்ஸ்' என்றும் இருந்தது. திருப்பி அனுப்பவும் முடியவில்லை.

மூன்று, நேர்கோட்டு வரிகள் உள்ள தகடு. வளையங்களுக்குப் பதில் இணைகோடுகள். ஒளி புள்ளியாகக் குவியாது, ஒரு கோடாகக் குவியும். ஒரு குழாயில் தண்ணீரைச் சூடாக்குவதற்கு இது சரி. புள்ளி வேண்டும் என்றால் தவறு.

நான்கு, வட்ட வரிகள் உள்ள, விறைப்பான, ஒளியைச் சேகரிக்கவே செய்த தகடு. வெயிலைக் குவிப்பதற்கும், ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கின் ஒளியைக் கற்றையாக்குவதற்கும், ஒளி உணரியின் மேல் அதிக வெளிச்சம் விழச் செய்வதற்கும் இதுதான்.

அடுக்குமாடிப் படிக்கட்டில் ஆள் வந்தால் தானே எரிகிற விளக்கு இருக்கிறதே, அதன் உணரிமேல் பால் வெள்ளையாக ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதுவும் ஃப்ரெனெல் லென்ஸ்களின் தொகுப்புதான். ஆனால் அது பாலிஎத்திலீன். நம் உடம்பிலிருந்து வெளிப்படும் வெப்பக் கதிர் சுமார் 10 மைக்ரான் அலைநீளம் கொண்டது. அந்தக் கதிர் அக்ரிலிக் வழியாகப் போகாது, பாலிஎத்திலீன் வழியாகப் போகும். பார்ப்பதற்குப் பளிங்கு மாதிரி இருக்கிற தகடு அந்த வேலைக்கு உதவாது, மங்கலாக இருக்கிற தகடு உதவும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதை வைத்து லென்ஸை எடை போடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

குவியத் தொலைவும் ஒரு சின்னக் கணக்கும்

குவியத் தொலைவைக் குறிப்பிடாத விளம்பரத்தில் லென்ஸ் வாங்காதீர்கள். துணிக்கடையில் மீட்டர் சொல்லாமல் துணி வாங்குவதற்குச் சமம் அது.

சூரியன் நமக்கு ஒரு புள்ளி அல்ல, வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள தட்டு. ஆகவே எந்த லென்ஸும் அதைச் சுத்தமான புள்ளியாகக் குவிக்க முடியாது, ஒரு சின்ன வட்டமாகத்தான் குவிக்கும். அந்த வட்டத்தின் விட்டம் எவ்வளவு? குவியத் தொலைவை 108-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 300 மி.மீ. குவியத் தொலைவு என்றால் வட்டம் 3 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பிளாஸ்டிக் லென்ஸில் வரிகளின் முனை மழுங்கியிருப்பதால் நடைமுறையில் அது விரல் நகம் அளவுக்குப் பரவும்.

சரி, குவியத் தொலைவு குறைந்தால் வட்டமும் சிறிதாகும், ஆகவே மிகக் குறைவானதை வாங்கலாமே என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான். 30 செ.மீ. சதுரத் தகட்டின் மூலை, நடுவிலிருந்து 21 செ.மீ. தள்ளி இருக்கிறது. குவியத் தொலைவு 20 செ.மீ. என்றால் மூலையில் விழும் ஒளி 45 டிகிரிக்கும் மேல் திரும்ப வேண்டும். அவ்வளவு வளைக்கப் போனால் ஓரத்து வரிகளில் ஒளி பெருமளவு எதிரொளித்தும் சிதறியும் வீணாகிறது. குவியத் தொலைவு லென்ஸின் பக்க அளவுக்குச் சமமாகவோ, ஒன்றரை மடங்காகவோ இருப்பது நல்லது என்பது என் பரிந்துரை. ஓரமும் வேலை செய்யும், கையாளவும் எளிது.

இனி, நிறைய பேர் ஏமாறும் இடத்துக்கு வருகிறேன். 30 செ.மீ. சதுர லென்ஸின் பரப்பு 0.09 சதுர மீட்டர். தெளிவான நடுப்பகலில் நேராக வரும் வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 800 வாட் என்று வைத்துக்கொண்டால் லென்ஸில் விழுவது 72 வாட். இழப்பு போக ஐந்தில் நான்கு பங்கு குவியத்துக்கு வருகிறது என்றால் 58 வாட். ஒரு டம்ளர் தண்ணீர், அதாவது 200 மில்லி, 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குப் போக வேண்டிய வெப்பம் 200 × 4.2 × 70 = 58,800 ஜூல். வகுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 17 நிமிடம். அதுவும் ஒரு துளி வெப்பம்கூடப் பாத்திரத்திலிருந்து வெளியே போகாமல் இருந்தால். உண்மையில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். இதே தண்ணீருக்கு 1,500 வாட் மின்கெட்டில் முக்கால் நிமிடம்தான் எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் அந்த லென்ஸ் ஒரு குச்சியை நொடியில் எரிக்கிறதே, எப்படி? ஏழாம் வகுப்பில் நான் தொண்டை வறளச் சொன்னது இதைத்தான் பிள்ளைகளே. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. நகம் அளவு இடத்தில் 58 வாட்டும் இறங்கினால் அந்த இடத்தின் வெப்பநிலை நூற்றுக்கணக்கான டிகிரிக்கு ஏறும். ஆனால் மொத்த வெப்பம் அதே 58 வாட்தான். லென்ஸ் வெயிலை உற்பத்தி செய்வதில்லை, இருப்பதைச் சேர்த்துக் கொடுக்கிறது.

ஆகவே 'லென்ஸால் குடும்பத்துக்குச் சமையல்' என்று வருகிற வீடியோக்களை நம்பாதீர்கள். பெரிய அளவில் சமைக்க நினைத்தவர்கள் லென்ஸ் பக்கம் போகவில்லை. ஆரோவில்லின் சூரிய சமையற்கூடத்தில் மாடியில் இருப்பது 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி ஆடிக் கிண்ணம். ஷீரடியிலும் திருமலையிலும் நீராவிச் சமையலுக்கு வைத்ததும் வளைந்த ஆடிகளே. வீட்டுக்கு வேண்டுமானால் கண்ணாடி மூடிபோட்ட கறுப்புப் பெட்டி அடுப்பு போதும். மெதுவாக வேகும், ஆனால் வேகும். மேகம் லேசாக இருந்தாலும் முற்றிலும் கைவிடாது. லென்ஸோ நேர் வெயிலை மட்டுமே குவிக்கும், மேகத்தில் சிதறிய ஒளியை அதனால் சேர்க்க முடியாது. ஐப்பசி மாதத்தில் கண்காட்சி வைக்கிற பள்ளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சூரிய மின்தகட்டின் மேல் லென்ஸைப் பிடித்தால் மின்சாரம் பல மடங்கு ஆகும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சாதாரண சிலிக்கான் தகடு சூடாக ஆக மின்சாரம் குறையும். ஒரே இடத்தில் குவித்தால் தகடு கெட்டே போகும். குவித்த ஒளிக்கென்றே செய்த மின்கலங்கள் தனியாக உண்டு, அவற்றுக்கு வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பும் சூரியனைப் பின்தொடரும் இயந்திரமும் வேண்டும். ஏனென்றால் சூரியன் இரண்டே நிமிடத்தில் தன் அகலத்துக்கு நகர்ந்துவிடுகிறது. குவியப் புள்ளியும் கூடவே நகரும்.

எந்தப் பிளாஸ்டிக்?

மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

அக்ரிலிக்: என் முதல் தேர்வு. விழும் ஒளியில் 92 சதவீதம் வெளியே வரும். மீதி இரண்டு பரப்புகளிலும் பக்கத்துக்கு 4 சதவீதம் எதிரொளித்துப் போவது. ஆண்டுக்கணக்கில் வெயிலில் இருந்தாலும் எளிதில் மஞ்சளாகாது. சுமார் 80 டிகிரி வரை தாங்கும். ஒளி ஊடுருவிப் போவதால் லென்ஸ் தானாகச் சூடாவதில்லை, ஆனால் வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் நெளிந்துவிடும். கீழே போட்டால் விரிசல் விடும்.

பாலிகார்பனேட்: அடித்தாலும் உடையாது. 120 டிகிரி வரை தாங்கும். எளிதில் கீறல் விழும். புற ஊதாக் கதிர்ப் பாதுகாப்பு இல்லாத ரகம் வெயிலில் மஞ்சளாகும். விளக்கின் சூட்டுக்கு அருகில் வைக்க வேண்டும் என்றால் இதை எடுக்கலாம்.

பி.வி.சி.: படிக்கும் தகடுகள் பெரும்பாலும் இதுதான். மலிவு, வளையும். 60 டிகிரியைத் தாண்டினால் இளகும். வெயில் வேலைக்கு வேண்டாம்.

தடிமனையும் கேளுங்கள். அரை மி.மீ. தகடு காற்றில் படபடக்கும், குவியம் நிற்காது. 2 அல்லது 3 மி.மீ. இருந்தால் விறைப்பாக நிற்கும். மெல்லிசுதான் கிடைத்தது என்றால் ஒரு மரச் சட்டத்தில் இழுத்துப் பொருத்திவிடுங்கள்.

வரிகளும் திசையும்

வரிகள் நெருக்கமாக இருந்தால் பிம்பம் தெளிவாக இருக்கும். இடைவெளி அதிகமாக இருந்தால் ஒளி அதிகம் வரும், ஏனென்றால் ஒவ்வொரு வரியின் செங்குத்துச் சுவரிலும் மழுங்கிய முனையிலும் கொஞ்சம் ஒளி வீணாகிறது. வரிகள் எண்ணிக்கை கூடினால் அந்த வீணும் கூடும். பார்ப்பதற்கு என்றால் நெருக்கமான வரி, சேர்ப்பதற்கு என்றால் அகலமான வரி. "ரொம்ப நைஸ் வரி டீச்சர், உயர்ந்த ரகம்" என்று யாராவது சொன்னால், உயர்ந்தது எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

எந்தப் பக்கம் சூரியனைப் பார்க்க வேண்டும் என்பதும் முக்கியம். பொதுவாக விற்கும் லென்ஸில் வரி உள்ள பக்கம் தூரத்தை, அதாவது சூரியனைப் பார்க்க வேண்டும். வழவழப்பான பக்கம் குவியத்தைப் பார்க்க வேண்டும். அப்போது ஒளி இரண்டு பரப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளைகிறது, புள்ளி கூர்மையாக விழுகிறது. மாற்றிப் பிடித்தால் எல்லா வளைவும் வரிப்பக்கத்திலேயே நடந்து புள்ளி கலங்கும். ஆனால் வெட்டவெளியில் நிரந்தரமாக நிற்கும் அமைப்புகளுக்கு, தூசி படியக்கூடாது என்று, வரிகள் கீழ்ப்பக்கம் இருக்கும்படியே கணக்கிட்டுச் செய்த லென்ஸ்களும் உண்டு. விற்பவரிடம் கேளுங்கள். தெரியவில்லை என்றால் இரண்டு விதமாகவும் பிடித்துப் பார்த்து எது சின்னப் புள்ளியோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வந்ததும் சோதிக்க வெயில் வேண்டாம். பகலில் அறைக்குள், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெள்ளைத் தாளை ஒட்டி, வெளியே தூரத்தில் தெரிகிற தென்னை மரத்தின் பிம்பத்தை அதில் விழச் செய்யுங்கள். தலைகீழாக, வண்ணத்தோடு விழும். தெளிவாக விழும் இடத்தில் லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள தூரம்தான் குவியத் தொலைவு. விற்றவர் சொன்ன எண்ணோடு ஒத்துப்பாருங்கள். ஜன்னலில் நேர் வெயில் விழாத நேரமாக இருக்கட்டும்.

துடைக்கும்போது தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு போட்டு மென்துணியால் வரியின் போக்கிலேயே துடையுங்கள். தின்னர், ஸ்பிரிட், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல் விழும்.

குழந்தை கையில் கொடுப்பது பற்றி

இதில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை.

முதல் கட்சி, "விளையாடட்டும் விடுங்க, நாங்க பூதக்கண்ணாடி வச்சு விளையாடலையா" என்பது. நாம் விளையாடியது 5 செ.மீ. கண்ணாடி. இன்று பழைய பெரிய புரொஜெக்‌ஷன் டி.வி.யிலிருந்து கழற்றிய தகட்டில் காசை உருக்கும் வீடியோ பார்த்துவிட்டுப் பிள்ளைகள் அதையே கேட்கிறார்கள். அந்தத் தகட்டின் பரப்பு முக்கால் சதுர மீட்டர் என்றால் குவியத்தில் 480 வாட். அந்தக் குவியம் வெறும் காற்றில் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. கை அதன் வழியே போனபின்தான் தெரியும். லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்ப்பது கண்ணை நிரந்தரமாகக் கெடுக்கும். எஃகு மூடிமேல் விழுந்த குவியத்தை உற்றுப் பார்ப்பதும் கெடுதல்தான். கூலிங் கிளாஸ் இதற்குப் பாதுகாப்பு ஆகாது. யாரும் தொடாமல் ஜன்னலோரம் சாத்தி வைத்த லென்ஸ், மாலை வெயில் சாய்ந்து வரும்போது திரைச்சீலையைப் பற்ற வைக்கும்.

இரண்டாவது கட்சி, "வம்பே வேண்டாம், பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்" என்பது. ஒரு பள்ளியில் இது நடந்ததை நானே பார்த்தேன். ஒரு பையனின் புத்தகப் பையில் ஓட்டை விழுந்தது. அன்றே லென்ஸ் பீரோவுக்குள் போனது. நான்கு ஆண்டு கழித்து ஆய்வுக்கு வந்தவர்களிடம் இருப்புப் பதிவேட்டில் 'லென்ஸ் 1' என்று காட்டினார்கள். அந்த நான்கு ஆண்டில் அந்தப் பள்ளியை விட்டுப் போன எந்தக் குழந்தையும் அதைத் தொடவில்லை. இதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல. ஆபத்தான ஒன்றை ஒழுங்காகக் கையாளக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு பள்ளியில் கிடைக்காவிட்டால், பிள்ளை அதை மொட்டை மாடியில் தனியாகக் கற்றுக்கொள்ளும்.

இவை இரண்டையும்விட என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. ஒரு கண்காட்சிக்கு என்னைப் பார்வையாளராக அழைத்திருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, திட்டத்துக்குக் கிடைத்த பணத்தில் பெரிய லென்ஸ் வாங்கி 'சூரிய டீக்கடை' என்று வைத்திருந்தாள். சட்டம், தாங்கி, கறுப்பு வண்ணம் பூசிய பாத்திரம் எல்லாம் அவ்வளவு நேர்த்தி. நடுவர்கள் வந்து பத்து நிமிடம் நின்றார்கள். தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் ஆனது. "கொதிக்கலையேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். அந்தக் குழந்தை என்னிடம், "நான்தான் ஏதோ தப்பா செஞ்சிட்டேன் டீச்சர்" என்றாள்.

அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவள் லென்ஸ் எவ்வளவு வெப்பம் தர முடியுமோ அவ்வளவு தந்தது. மேலே நான் போட்ட அந்த நான்கு வரிக் கணக்கை யாராவது அவளுக்குச் சொல்லியிருந்தால், "இந்தப் பரப்புக்கு இத்தனை வாட், ஆகவே இத்தனை நிமிடம் ஆகும், இதோ இதுவரை இத்தனை டிகிரி ஏறியிருக்கிறது" என்று ஒரு வெப்பமானியை வைத்து நிமிர்ந்து நின்று சொல்லியிருப்பாள். அன்றைக்குக் கண்காட்சியிலேயே சிறந்த படைப்பு அதுவாக இருந்திருக்கும். மத்திய அரசின் இன்ஸ்பைர் மானக் திட்டத்தில் தேர்வாகும் குழந்தைக்கு 10,000 ரூபாய் வருகிறது. அந்தப் பணம் வீணாவதுகூடப் பெரிதில்லை. சரியாகச் செய்த குழந்தை, 'அறிவியல் எனக்கு வராது' என்று முடிவு கட்டிவிட்டுப் போவதுதான் பெரிய இழப்பு. தவறான லென்ஸையும் பொய்யான விளம்பரத்தையும் நாம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதன் பழியைக் குழந்தை சுமக்கிறது.

ஆகவே நான் சொல்வது

பள்ளிக்கோ வீட்டுக்கோ வாங்குவதாக இருந்தால், பெரிய லென்ஸ் ஒன்றுக்கு ஆகும் பணத்தில் 10 செ.மீ. அக்ரிலிக் லென்ஸ் நாலைந்து வாங்குங்கள். குவியத் தொலைவு 10 முதல் 15 செ.மீ. அதன் குவியத்தில் 6 வாட் வரும். தாளைக் கருக்க அது தாராளம். வெள்ளைத் தாளும் கறுப்புத் தாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது முதலில் கருகுகிறது என்று நேரம் குறிக்கலாம். வெள்ளை பலூனுக்குள் கறுப்பு பலூனை ஊதி, உள்ளே இருப்பதை மட்டும் வெடிக்க வைக்கலாம், வெளி பலூன் ஒளி ஊடுருவும் ரகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இருட்டறையில் எல்.இ.டி.யைக் குவியத்தில் வைத்து ஒரு குட்டிக் கலங்கரை விளக்கம் செய்யலாம். இதற்கு வெயிலே வேண்டாம், ஐப்பசியிலும் நடக்கும். ஃப்ரெனெல் எதற்காக அந்த லென்ஸைச் செய்தாரோ அதையே குழந்தை செய்து பார்க்கிறது.

6 வாட்தானே என்று அலட்சியமும் வேண்டாம், கண்ணுக்கு அதுவே அதிகம். லென்ஸைக் கையில் பிடிக்காமல் தாங்கியில் பொருத்துங்கள். குவியம் குழந்தையின் முகத்துக்குக் கீழே, இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். கறுப்புத் துணியால் மூடியே வெயிலுக்குக் கொண்டுபோங்கள். எல்லாம் தயாரான பின் துணியை எடுப்பதும், முடிந்ததும் முதல் வேலையாகத் துணியைப் போடுவதும் பெரியவர் கையில் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். வேலை முடிந்தால் துணியோடு சுற்றி அலமாரியில். ஆனால் அலமாரிச் சாவி ஆசிரியரிடம் இருக்க வேண்டும், பதிவேட்டோடு சேர்த்துப் புதைக்கக்கூடாது.

பெரிய லென்ஸ் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்லூரிப் பிள்ளைகள், பட்டறை வைத்திருப்பவர்கள், கணக்குப் போட்டுக் காரணத்தோடு கேட்பவர்கள் தாராளமாக வாங்கட்டும். காரணம் சொல்லத் தெரியாமல் அளவை மட்டும் சொல்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள். இதில் உள்ள கணக்கு எதுவும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. உங்களில் இயற்பியல் படித்தவர்கள், வெளிநாட்டில் ஒளியியல் துறையிலேயே வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். விட்டுப்போனதைக் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்குப் பயன்படும். லென்ஸ் கேட்ட மூன்று பேருக்கும் ஒரு வேலை: வாங்குவதற்கு முன், உங்கள் பிள்ளையை உட்கார வைத்து அந்தத் தண்ணீர்க் கணக்கைப் போடச் சொல்லுங்கள். விடையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன். பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்